பதினோரு பொன்னாடை

என் படத்தைத் திரையிடக் கேட்டவர்களுக்கு நான் அனுப்பிய பதிலில் பாதியை மட்டும் வெட்டிப் போட்ட ஸ்க்ரீன்ஷாட் மூன்று நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "சுயாதீன சினிமாக்காரர் திரையிடலுக்குக் காசு கேட்கிறார்" என்று மேலே ஒரு வரி வேறு. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று ராத்திரி நண்பர் ஒருவரே அதைப் பகிர்ந்து "வருத்தமாக இருக்கிறது" என்று எழுதியதும் தூக்கம் போய்விட்டது.

ஆமாம், கேட்டேன். 5,000 ரூபாய் கேட்டேன். காட்டாமல் வெட்டிவிட்ட பாதியில் என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். ஹால் வாடகை, ஃப்ளெக்ஸ், மதியச் சாப்பாடு, சிறப்பு விருந்தினருக்கு ஷீல்டு, எனக்குப் பொன்னாடை, எல்லாவற்றுக்கும் திரையிடலை நடத்துகிறவர்களிடம் பணம் இருந்தது. படத்துக்கு மட்டும் இல்லை. என்னிடம் ஏற்கெனவே பதினோரு பொன்னாடை இருக்கிறது. வாடகைக்குப் பதிலாக வாங்கிக்கொள்ள வீட்டுக்காரர்தான் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்.

சுயாதீன சினிமா என்றால் ஓசி சினிமா என்று யார் சொன்னது?

"நீங்கள் கேமராமேன்தானே, சொந்தக் கேமரா இருக்குமே, என்ன பெரிய செலவு?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, கல்யாணம், நகைக்கடை விளம்பரம், காலேஜ் ஆண்டு விழா என்று கிடைத்ததையெல்லாம் எடுத்து, மிச்சம் பிடித்து, மூன்று வருடத்தில் துண்டு துண்டாக 19 நாள் ஷூட்டிங் நடத்தினேன். கேமரா கடனாகக் கிடைக்கும், லைட் கூடச் சொல்லி வாங்கலாம். யூனிட்டுக்குச் சாப்பாடும் பேட்டாவும் யார் கொடுப்பது? அப்புறம் நிறத்தைச் சரிசெய்யும் டிஐ, சவுண்ட் மிக்ஸிங், சென்சார், தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் பிரதியான டிசிபி. ஒவ்வொன்றுக்கும் பில் உண்டு. அங்கெல்லாம் போய் "இது மக்களுக்கான படம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இது என் ஒருத்தன் கதையும் இல்லை. 'கல்லூரி', 'பரதேசி'க்கெல்லாம் ஒளிப்பதிவு செய்த செழியன் 'டு லெட்' எடுத்தபோது அதைத் தயாரித்தது அவர் மனைவி பிரேமா. 2018 ஏப்ரலில் தேசிய விருது அறிவித்தார்கள். படம் தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரியில். தேசிய விருதைக் கையில் வைத்துக்கொண்டு பத்து மாதம்! பாலு மகேந்திராவை விடப் பெரிய கேமராமேன்-இயக்குனர் நமக்கு யார்? அவருடைய 'வீடு', 'சந்தியா ராகம்' படங்களின் நெகட்டிவே இப்போது இல்லை. கடைசிக் காலத்தில் அவரே சொல்லி வருந்தினார். அவர் போன பிறகு எல்லோரும் 'மேதை' என்று பதிவு போட்டோம். நானும்தான்.

நெகட்டிவ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். நான் முதலில் தூக்கியது இரண்டு ஹார்டு டிஸ்க்கைத்தான். பிளாஸ்டிக் கவரில் சுற்றி, மேலே ஒரு துண்டைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டு இறங்கிப் பார்த்தால் அரிசி மூட்டை நனைந்து கிடக்கிறது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த டிஸ்க்கில் இருந்த படத்துக்குத்தான் "ஒரு கூகுள் டிரைவ் லிங்க் தட்டி விடுங்க சார்" என்கிறார்கள். தட்டி விடுவதாமே!

"மாணவர்களுக்குத்தானே சார்" என்பது அடுத்தது. கிராமத்துப் பள்ளிகளில், சொந்தச் செலவில் புரொஜக்டரைத் தூக்கிக்கொண்டு போய் எத்தனையோ முறை காட்டியிருக்கிறேன். அதை நான் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டதில்லை.

"நீங்களே பர்மா பஜாரில் திருட்டு டிவிடி வாங்கி உலக சினிமா பார்த்தவர்தானே?" இது நியாயமான கேள்வி. பார்த்தேன். அந்தக் காசில் ஒரு பைசாவும் அந்த இயக்குனர்களுக்குப் போகவில்லை என்பதும் தெரியும். ஆனால் அவர்களை மேடைக்குக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தி, அப்புறம் பேராசைக்காரர் என்று நான் எழுதவில்லை. சரி, இது முழுப் பதில் இல்லைதான். விடுங்கள்.

கோபம்கூட இல்லை இப்போது. ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. என் படத்தில் ஃபோகஸ் புல்லராக, அதாவது கேமராவின் ஃபோகஸைப் பார்த்துக்கொள்ளும் உதவியாளராக, வேலை பார்த்த தம்பிக்கு இன்னும் எட்டு நாள் சம்பளம் பாக்கி. அந்த 5,000 அவனுக்கென்று மனசுக்குள் ஒதுக்கி வைத்திருந்தேன். அவனிடம் சொல்லியும் இருந்தேன். இன்று காலை அவனே போன் பண்ணினான். ஸ்க்ரீன்ஷாட்டைப் பார்த்திருக்கிறான்.

"அண்ணே, எனக்கு இப்ப அவசரமில்லண்ணே. நீங்க யார்கிட்டயும் கேக்காதீங்க."

அவனுக்கு அடுத்த வாரம் குழந்தைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டும். அது எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது.