ஹூட்டருக்குப் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள்

அண்ணா, உங்கள் பதிவில் கார் ஹூட்டரின் (ஹாரனின்) ஃபியூஸ் அடிக்கடி போனால் 15 ஆம்பை எடுத்துவிட்டு 30 ஆம்ப் போடச் சொல்லியிருக்கிறீர்கள். தயவுசெய்து யாரும் அதைச் செய்ய வேண்டாம். ஃபியூஸ் காப்பது முக்கியமாக ஒயரைத்தான். மெல்லிய ஒயர் எங்காவது தோல் உரிந்து பாடியில் பட்டால், 15 ஆம்ப் ஃபியூஸ் உடனே போய்விடும். 30 ஆம்ப் தாக்குப்பிடிக்கலாம், அப்போது ஒயர்தான் சூடேறி உருகும். டாஷ்போர்டுக்குள் புகை வந்த பிறகு என்ன செய்வது? ஃபியூஸ் பெட்டி மூடியில் போட்டிருக்கும் அளவையே போடுங்கள். அதுவும் போனால் ஒயரில் ஷார்ட்டைத் தேடுங்கள்.

“சத்தம் வரவில்லையா, ஹூட்டர் செத்துப்போச்சு, புதுசு வாங்கு” என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். டெஸ்ட் லைட்டின் (மின்சாரம் வருகிறதா என்று காட்டும் சிறு விளக்கு) கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, முனையை ஹூட்டருக்கு வரும் ஒயரில் வையுங்கள். இன்னொருவர் உள்ளே ஹூட்டரை அழுத்தட்டும். லைட் எரிந்தால் கோளாறு ஹூட்டரிலோ, அதை பாடியோடு இணைக்கும் எர்த்திலோ இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரக் கடற்காற்றில் எர்த் போல்ட் துருப்பிடிப்பது சகஜம். கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து மாட்டினாலே பல வண்டிகளில் சத்தம் வந்துவிடும், காசும் மிச்சம்.

லைட் எரியவில்லையா? ஃபியூஸ் பெட்டியில் ஹூட்டருக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்சான ரிலேக்குப் பதிலாக, அதே எண்ணுள்ள வேறு ரிலேயை மாற்றிப் பாருங்கள். கூடவே ஏர்பேக் விளக்கும் எரிகிறது, ஸ்டீயரிங் பட்டன்களும் வேலை செய்யவில்லை என்றால், ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டீயரிங் திரும்பும்போதும் இணைப்பு விடாத சுருள் ஒயர்) அறுந்திருக்கலாம். அதை மட்டும் வீட்டில் பிரிக்காதீர்கள். ஏர்பேக் முகத்தில் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. அப்புறம், ஹூட்டர் இல்லாமல் ரோட்வொர்த்தி (வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) கிடைக்காது, அதனால் மெக்கானிக்கிடம் போவதைத் தள்ளிப்போடவும் வேண்டாம்.