அந்த ஓடிபிக்கு என்ன அவ்வளவு அவசரம்?

நவம்பர் வந்தாலே அப்பாவுக்குப் படபடப்பு. பென்ஷன் நிற்காமலிருக்க உயிர்வாழ் சான்று கொடுக்கணுமே! 2014-ல், விரல் ரேகை வைத்து ஆன்லைனிலேயே இந்தச் சான்றைக் கொடுக்கிற ஜீவன் பிரமாண் வசதி வந்தது, 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்றும் ஆனது. ரேகை தேய்ந்த விரல்களுக்கு அது பெரிய உபகாரம், மறுக்கவில்லை. ஆனால் எந்த ஆப்பைத் திறந்தாலும் முன்னாடி வந்து நிற்கிற இந்த ஓடிபி இருக்கிறதே! கண்ணாடியைத் தேடி, மெசேஜைத் திறந்து, ஆறு எண்ணையும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. எழுத்தோ எறும்பு சைஸ், அதுவும் ஆங்கிலத்தில். வங்கியில் கேட்டால், "வீட்ல பசங்க யாரும் இல்லையா?" என்கிறார்கள். காலமெல்லாம் பேரேடு எழுதிய மனுஷர் அவர்! நிதானமாகச் சொல்லிக்கொடுத்தால் அவரே செய்துகொள்வார். கூடுதலாக ரெண்டு நிமிஷம் கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?