பாஸ் மட்டும் போதாது

ஐரோப்பாவைக் குறைந்த செலவில் சுற்றுவது பற்றி ஒரு கட்டுரை படித்தேன். பல நாட்டு ரயில்களில் போக உதவும் ஒரே சீட்டான யூரெயில் பாஸ் எடுத்துவிட்டால் ரயில் செலவு முடிந்தது என்கிறது அது. அங்கேதான் இடிக்கிறது. பிரான்ஸின் டிஜிவி, ஸ்பெயினின் ஏவிஇ, யூரோஸ்டார் என அதிவேக ரயில்கள் எல்லாவற்றிலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். ஜெர்மனி, ஆஸ்திரியா பகல் ரயில்களில் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. கையைக் கடிக்காமல் சுற்ற பிராக், கிராகோவ், புடாபெஸ்ட் பக்கம் போங்கள். ஆனால் அங்கே யூரோ கிடையாது. கொருனா, ஸ்வாட்டி, ஃபோரின்ட்தான். ஏடிஎம் திரை, “உங்கள் நாட்டுப் பணத்திலேயே கழிக்கட்டுமா?” என்று நைசாகக் கேட்கும். வேண்டாம் என்று அழுத்துங்கள்; சரி என்றால் மாற்று விகிதத்தில் தீட்டிவிடுவார்கள். மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகம் மூடும் முன் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம்; வரிசை நீளும், சீக்கிரம் போய் நில்லுங்கள். ரோமில் தண்ணீர் பாட்டில் வாங்கவே வேண்டாம். தெருக்குழாய் முனையை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளையில் பீய்ச்சும், அப்படியே குடிக்கலாம்.