ஷூவைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள்

பிறவியிலேயே உள்ளே திரும்பிய பாதத்தை மாவுக்கட்டு போட்டு நேராக்கும் பொன்செட்டி முறையை உங்கள் கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கட்டு பிரித்தபின் போடும் ஷூவை ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பாடே அங்கேதான்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் அண்ணன் மகனுக்கு இரண்டு பாதமும் அப்படித்தான் இருந்தது. கிரகணத்தன்று வெளியே போனதால் வந்தது என்று ஊரில் பேச்சு. மதினி அழுதே ஓய்ந்துவிட்டார்கள். கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை! சுமார் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வருவது. ஆண் குழந்தைகளுக்குக் கூடுதல். மரபணுவுக்குப் பங்கு உண்டு, பெரும்பாலும் இன்னதென்று காரணம் சொல்ல முடியாது. ஆச்சிமார் எண்ணெய் போட்டு உருவினாலும் நேராகாது.

வாரம் ஒரு கட்டாக ஐந்தாறு கட்டு, தேவைப்பட்டால் குதிகால் தசைநாரில் சின்ன வெட்டு. அப்புறம் இரண்டையும் ஒரே கம்பியில் மாட்டிய ஷூ: முதல் 3 மாதம் நாளுக்கு 23 மணி நேரம், பிறகு 4 வயது வரை தூங்கும்போது. பாதம்தான் நேராகிவிட்டதே என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள், மறுபடி வளைகிறது. ஆரம்பத்தில் பிள்ளை கத்தத்தான் செய்யும். இரண்டு முழங்காலையும் சேர்த்து மடக்கி நீட்டி விளையாட்டுக் காட்டுங்கள், பழகிவிடும். மடிப்பில்லாத பருத்திக் காலுறை போடுங்கள். குதிகால் அடியில் படிந்திருக்கிறதா என்று ஷூவின் பின்பக்க ஓட்டை வழியாகப் பாருங்கள்.

முன்பாதம் மட்டும் லேசாக வளைந்து, விரலால் தள்ளினால் நேராகிறது என்றால் பெரும்பாலும் தானே சரியாகும். அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நம் பக்கத்துக்காரர்கள் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் எலும்புப் பிரிவில் காட்டலாம், பிறந்த முதல் வாரங்களிலேயே.