வெளியாரிடம் விட்டால் பொறுப்பும் போய்விடுமா?

சிஎம்எம்சி என்பது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தன் ஒப்பந்ததாரர்களிடம் கேட்கும் இணையப் பாதுகாப்புச் சான்று. “சிஎம்எம்சி வேலையை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிட்டால் பொறுப்பும் அவர்களுடையதே” என்ற பேச்சு அந்த ஒப்பந்ததாரர்களிடையே சுற்றுகிறது. தவறு. சிஎம்எம்சியின் இரண்டாம் நிலைக்கான 110 பாதுகாப்புத் தேவைகளில், கணினிப் பதிவுகளைக் கண்காணிப்பது, மென்பொருள் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச் போடுவது போன்றவற்றை வெளியாரிடம் விடலாம். ஆனால் தேவைகள் நிறைவேறியுள்ளன என்று ஆண்டுதோறும் அத்துறையின் எஸ்பிஆர்எஸ் என்ற இணையத் தளத்தில் உறுதிமொழி தருபவர் ஒப்பந்ததாரரின் மூத்த அதிகாரிதான். தெரிந்தே பொய் சொன்னால் அரசை ஏமாற்றிப் பணம் பெறுவோருக்கு எதிரான பொய்க் கோரிக்கைச் சட்டம் ஒப்பந்ததாரர் நிறுவனத்தின் மீது பாயும். இணையத் தாக்குதலை 72 மணி நேரத்துக்குள் அறிவிக்கும் கடமையும் அதற்கே.

சறுக்குவது பெரும்பாலும், யார் எதைச் செய்வது என்று எழுதும் பொறுப்புப் பகிர்வு அட்டவணையில். விலகிய ஊழியரின் கணக்கைச் சேவை நிறுவனம் முடக்கும், சரி. விலகியதை அதற்குச் சொல்வது யார்? மனிதவளப் பிரிவு மறந்தால் கணக்கு திறந்தே கிடக்கும். எனவே ஒவ்வொரு தேவைக்கும் எதிரே செய்பவர், சான்று இருக்குமிடம் இரண்டையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும்.

எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துக்கொள்வதும் தீர்வல்ல. பதிவுகளைப் பார்க்க ஆளில்லாவிட்டால் அவை வெறும் கோப்புகள்.