பீகாருக்குக் கொடுங்கள், ஆனால் கையெழுத்துக்காக நிறுத்தாதீர்கள்

கல்வி நிதி என்று பேச்செடுத்தாலே நம்ம ஆட்கள் "நாம கட்டுற வரி அவனுக்குப் போகுது" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்தக் கட்சியில் நான் இல்லை. 15ஆவது நிதிக் குழு மாநிலங்களின் வரிப் பங்கில் உத்தரப் பிரதேசத்துக்கு 17.9 சதவீதம், பீகாருக்கு 10, நமக்கு 4 சொச்சம் என்று பிரித்தது. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இதுதான் மரியாதையா என்று சண்டை போடலாம், போடவும் வேண்டும். அதற்காக ஏழை மாநிலத்துக்குக் கூடுதலாகப் போவதே தப்பு என்றால், சென்னையில் வசூலான காசில் ஜவ்வாது மலையில் எதற்குப் பள்ளிக்கூடம் என்று நாளை ஒருத்தர் கேட்பார், வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

என் கோபம் வேறு. பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்டத்தின் செலவில் ஒன்றிய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். அதில் 2024-25க்கு நமக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, தேர்ந்தெடுத்த சில பள்ளிகளை முன்மாதிரிப் பள்ளிகளாக்கும் ஒன்றிய அரசின் பிஎம் ஸ்ரீ திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை, தேசியக் கல்விக் கொள்கையை முழுசாக ஏற்கவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். அது வேறு திட்டம், இது வேறு திட்டம். கேரளத்துக்கும் மேற்கு வங்கத்துக்கும் அப்போது இதே கதிதான். மேற்கு வங்கம் என்ன பணக்கார மாநிலமா? தேவையைப் பார்த்துப் பிரிப்பது என்ற பேச்சே இங்கே இல்லை.

இந்தப் பணம் யாருக்குப் போகிறது? நடக்க முடியாத பிள்ளையின் வீட்டுக்கே போய்க் காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிற வட்டார வள மையத்து பிசியோதெரபிஸ்ட்டின் சம்பளம் இதில் இருந்துதான். தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கான 25 சதவீத இடத்துக்குத் திருப்பித் தரும் கட்டணத்திலும் இதற்குப் பங்கு உண்டு. 2025இல் அந்தச் சேர்க்கை வழக்கமான நேரத்தில் தொடங்கவே இல்லை. எல்கேஜி சேரப் போகிற குழந்தைக்கும் மும்மொழிக் கொள்கைக்கும் என்னங்க சம்பந்தம்? அந்தப் பணத்தைக் கல்விக் கொள்கையோடு கோக்க வேண்டியதில்லை என்று 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே சொன்னது. அதற்கு முந்தைய மாதமே, நிறுத்திய பணத்தைக் கேட்டு மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயாகிவிட்டது.

"கையெழுத்துப் போட்டுட்டு வாங்க வேண்டியதுதானே" என்பவர்களுக்கு: கல்வி பொதுப் பட்டியலுக்குப் போனது 1976இல், அவசரநிலைக் காலத்தில். பொதுப் பட்டியல் என்றால் இரண்டு பேருக்கும் அதிகாரம் என்றுதான் அர்த்தம். ஒருவர் பணப்பையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மிரட்டலாம் என்றில்லை. இதில் 2018இலிருந்து வருமான வரியின் மேல் சுகாதாரம், கல்வி என்று 4 சதவீத செஸ், அதாவது வரிக்கு மேல் ஒரு வரி, வேறு வசூலிக்கிறார்கள். செஸ் பணத்தை மாநிலங்களோடு பங்கு போட வேண்டியதில்லை என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

பிஎம் ஸ்ரீ வேண்டாம் என்கிற மாநிலத்துக்கு அந்தத் திட்டத்தின் பணத்தை மட்டும் கொடுக்காமல் விடுங்கள், அது நியாயம். சமக்ர சிக்ஷா பணம் பிள்ளைகளின் எண்ணிக்கை, வறுமை, மலை, தொலைவு என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு கணக்குப்படி தானாக வர வேண்டும், அதில் பீகாருக்கு நம்மைவிடக் கூடுதலாகப் போனால் போகட்டும். அப்புறம், கோட்டையில் இருப்பவர்களுக்கும் ஒன்று: மாவட்ட வாரியாக ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவழிக்கிறீர்கள் என்று நீங்களும் வெளியிடுங்கள். கோயம்புத்தூரும் ராமநாதபுரமும் ஒரே பக்கத்தில் அருகருகே வரட்டும், பார்ப்போம்.