லாவா மாதா கோயிலை எரிமலைக் குழம்பு தொடவே இல்லையா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தமிழர்களிடையே வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி இது: "1977-இல் எரிமலைக் குழம்பு பித்தோன் செந்த் ரோஸ் மாதா கோயிலைத் தொடாமல் விலகிப்போனது, ஊரில் பலர் மாண்டனர்." இரண்டுமே தவறு.

அந்த ஏப்ரலில் குழம்பு கோயிலைச் சூழ்ந்தது உண்மை. ஆனால் விலகிப்போகவில்லை, முன்வாசல் வழியாகச் சற்று உள்ளேயும் புகுந்துதான் நின்றது. கறுத்து இறுகிய அந்தப் பாறை கோயிலை ஒட்டியே இன்றும் கிடக்கிறது, போனால் தொட்டுப் பார்க்கலாம். மக்களை வெளியேற்றிவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள்தான் போயின.

வழக்கமாகக் குழம்பு ஆளில்லாத எரிமலைப் பள்ளத்துக்குள்ளேயே ஓடிவிடும். அந்த முறை குழம்பு வெளிவரும் நிலப்பிளவு பள்ளத்துக்கு வெளியே திறந்தது. ஊருக்குள் இறங்கக் காரணம் அதுதான். கோயிலுக்கு "லாவா மாதா" என்ற பெயரும் அதன் பிறகே வந்தது.